பின்கோட்டிலிருந்து படிக்கும் ரத்தினபாய்

கேம்ப் ரோடு நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட ரத்தினபாயின் கண் சும்மா இருக்காது. எதிரே வந்து நிற்கும் சரக்கு வண்டியின் முதுகில் ஓர் இணைய முகவரி எழுதியிருந்தால் போதும், வலக்கோடியிலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிடுவார். "இன்... சரி, இந்தியா. அதுக்கு முன்னாடி ஒரு புள்ளி. புள்ளிக்கு முன்னாடி ஆள் பேரு. ஓஹோ, பர்னிச்சர்காரரா!" பக்கத்தில் நிற்பவர் ஓரடி தள்ளி நின்றுகொள்வார். ரத்தினபாய் அதைக் கண்டுகொள்வதில்லை. போனை எடுத்து அந்தப் பெயர் என்றைக்குக் காலாவதியாகிறது என்று பார்ப்பார். பத்து நாள்தான் பாக்கி என்றால் ஓட்டுநரின் கதவைத் தட்டுவார். "தம்பி, உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க. டொமைன் முடியப்போகுது." ஓட்டுநர் ஏதோ இன்சூரன்ஸ் ஆள் என்று நினைத்து, "எல்லாம் கட்டியாச்சு மேடம்" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுப்பார்.

அறுபத்தைந்து வயது. அதில் முப்பத்து மூன்று வருடம் எழும்பூரில் ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதம் பிரித்தவர். நாமெல்லாம் ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தால் முதலில் பெயரைப் பார்ப்போம். தபால் பிரிக்கிறவருக்குப் பெயர் கடைசி. பின்கோடு முதலில், அப்புறம் ஊர், அப்புறம் தெரு. அப்படிக் கீழிருந்து மேலே படித்துப் படித்தே பழகிய கண் அது. ஓய்வுக்குப் பிறகு இணைய முகவரி என்ற ஒன்றை முதன்முதலாக உற்றுப் பார்த்தபோது, "அட, இதுவும் நம்ம தபால்தான், பின்னாலேர்ந்து படிக்கணும்!" என்று கத்தியதில் கணவர் லாசரஸ் கையிலிருந்த பேப்பரைக் கீழே போட்டுவிட்டாராம்.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. லாசரஸ் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சாதுவான மனிதர். முன்னறைச் சுவரில், தபால் பிரிக்கும் இடத்தில் இருப்பதுபோலப் பன்னிரண்டு சின்ன அறைகள் வைத்து ஆசாரியிடம் செய்து வாங்கிய மர அலமாரி ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஓர் அறை. செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் வட்டாரத்தில் ரத்தினபாய் பொறுப்பில் இருக்கும் டொமைன்கள் மொத்தம் நூற்றுப் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தபால் கார்டு. காலாவதி மாதத்துக்கு முந்தின மாத அறையில் கார்டு காத்திருக்கும். மாதம் பிறந்ததும் அந்த அறையைக் காலி செய்துவிட்டுத்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும்.

"கம்ப்யூட்டரே மெயில் அனுப்பி ஞாபகப்படுத்துமே, ரத்தினம்" என்று லாசரஸ் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"மெயில் ஞாபகப்படுத்தும். மெயிலைப் பார்க்கணும்னு யாருங்க ஞாபகப்படுத்துவா?"

ஒரு காரியம் முடிந்தால் வலக்கையை முஷ்டி மடக்கி மேஜையில் ஓங்கி ஒரு குத்து குத்துவார். தேதி முத்திரை அடித்த கை. பக்கத்தில் இருக்கும் டம்ளர் ஒரு தரம் எம்பி உட்காரும். அதனால் மனைவி கடைசி எழுத்தைத் தட்டச்சு செய்யும் நேரம் பார்த்து லாசரஸ் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்வார்.

இந்தப் பித்து பிடித்த கதை சுவாரஸ்யமானது. நாலு வருடத்துக்கு முன் அவர்கள் போகும் ஆலயத்தின் இணையப் பெயரைப் புதுப்பிக்க யாரோ மறந்துபோனார்கள். சபையே கூடி உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வாரம் அது. ஞாயிறு ஆராதனை நேரம் என்ன என்று பார்க்கலாமென்று ரத்தினபாய் போனில் தட்டினால், திரையில் ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறிக்கொண்டு ரம்மி ஆட வாருங்கள் என்று கூப்பிடுகிறாள்! கைவிட்டுப்போன பெயரை எவனோ எடுத்துச் சூதாட்டக் கடை போட்டுவிட்டான். மற்றவர்கள் "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ரத்தினபாயால் சாப்பிட முடியவில்லை. விலாசம் எப்படி இன்னொருத்தன் கைக்குப் போகும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்தபோது அம்மா ஒரு ரீசெல்லராகவே ஆகிவிட்டிருந்தார். பெரிய கம்பெனியிடம் வாங்கி அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் பெயர் பதிந்து கொடுக்கிற சில்லறைக்காரர்.

யார் கேட்டாலும் அவர் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். "போஸ்டாபீஸ்ல பெட்டி வாடகைக்கு எடுப்போமே, அதான் டொமைன். பெட்டி உங்களுது இல்ல. வாடகை கட்டற வரைக்கும் உங்களுது. 'இன்'னு முடியற அத்தனை பெட்டிக்கும் பேரேடு வச்சிருக்கிற தலைமை ஆபீஸ் ஒண்ணு இருக்கு, அது ரிஜிஸ்ட்ரி. கவுண்ட்டர்ல உக்காந்து பெட்டியைக் குடுக்கறவர் ரிஜிஸ்ட்ரார். யார் பேர்ல பெட்டி இருக்கோ அவர் ரிஜிஸ்ட்ரன்ட். மூணையும் குழப்பிக்காதீங்க. குழப்பிக்கிட்டா பெட்டி போயிடும்." கேட்டவர் தலையாட்டுவார். பாதிப் பேர் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் அந்த மர அலமாரி.

இந்த வருடம் ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை, தெருவுக்கு நெத்திலி கொண்டுவந்தாள் ஜோதிலட்சுமி. கானத்தூர் குப்பத்துக்காரி. இவள் அம்மா கன்னியம்மா இதே தெருவில் கூடை சுமந்து மீன் விற்றவள். மகளுக்கு ஸ்கூட்டரும் ஐஸ் பெட்டியும் வந்தன. மூன்று வருடத்துக்கு முன் 'கன்னியம்மாமீன் டாட் இன்' என்று ஓர் இணையக் கடையும் வந்தது. வஞ்சிரம், சங்கரா, கடம்பா எது வேண்டுமென்று முதல் நாள் குறித்துவிட்டால் மறுநாள் காலை வீட்டு வாசலில் வந்துவிடும். மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் வரை நானூறு வீடுகள்.

ஆனால் அந்த இரண்டு மாதமாகக் கடை மூடிக் கிடந்தது. ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினாலு வரை மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் கடலுக்குப் போகாது, பெரிய மீன் வராது. கரையோரம் கிடைக்கும் பொடி மீனை மட்டும் ஜோதி தெருத்தெருவாக விற்பாள்.

"மூணு நாள்ல கடை திறக்கணுமே ஜோதி, சைட் தயாரா?" என்று ரத்தினபாய் நெத்திலியைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"மூடிக்கினு கீதும்மா. தடை முடிஞ்சா அதுவா தொறந்துக்கும்."

ரத்தினபாயின் கை தட்டிலேயே நின்றது. "அதுவா திறக்குமா? யார் திறப்பா?"

"கீழ்க்கட்டளைல தயாளன்னு ஒரு தம்பி. அதான் சைட்டு போட்டுச்சு. வருசா வருசம் தடைக்காலத்துல மூடி வச்சிட்டு, முடிஞ்சவொடனே தொறந்து உட்ரும். நான் இன்னாத்துக்கு அதைப் பாக்கப்போறேன்?"

ரத்தினபாய் போனைத் தட்டிப் பார்த்தார். கடை விடுமுறை என்ற பலகைகூட அங்கே இல்லை. அப்படியொரு முகவரியே கிடையாது என்றது போன். உடனே ஹூ-இஸ் என்கிற பதிவேட்டைத் திறந்தார். எந்தப் பெயர் எப்போது பதிவானது, எப்போது முடிகிறது என்று யாரும் பார்க்கக்கூடிய பட்டியல் அது. பதிவான நாள் ஏப்ரல் பதினாலு. ஜோதி எந்த நல்ல காரியத்தையும் சித்திரை ஒன்றில்தான் தொடங்குவாள். மூன்று வருடத்துக்குப் பதிந்தது இந்தச் சித்திரை ஒன்றோடு முடிந்திருக்கிறது. மறுநாள் தடைக்காலம் ஆரம்பம்! கடை இருட்டிக் கிடந்ததை யாருமே சந்தேகப்படவில்லை.

"கூடையை நிழல்ல வச்சிட்டு உள்ளே வா" என்றார் ரத்தினபாய். "வாடகை முடிஞ்சு போச்சு ஜோதி. முதல் முப்பது நாள் சாதாரணமாப் புதுப்பிச்சிருக்கலாம், அது போச்சு. அடுத்த முப்பது நாள் மீட்புக் காலம், அபராதம் கட்டி மீட்கலாம். அது நாளைக்கு முடியுது. நாளைக்கு விட்டா அஞ்சு நாள் யாரும் தொட முடியாது, நீயும் சேர்த்துதான். அப்புறம் ஊருக்குப் பொது. விழற பேரைப் பிடிக்கறதுக்குன்னே வலை போட்டு உக்காந்திருக்காங்க. எங்க ஆலயத்துப் பேர்ல அப்படித்தான் எவனோ சூதாட்டக் கடை போட்டான்."

ஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா பேரும்மா அது. முப்பத்தஞ்சு வருசம் கூடை தூக்கிச்சு. இத்தினி தெருவுல ஒருத்தராவது கன்னியம்மான்னு கூப்ட்டாங்களா? மீன்காரம்மா, மீன்காரம்மா, அவ்ளோதான். எழுத்துல அது பேரு ஏறினது அந்த ஒரு எடத்துலதான். படிக்கத் தெரியாது, ஆனா போனைத் தொறந்து அந்த எழுத்தையே தடவிப் பாத்துகினு இருக்கும். அதுலபோயி எவனோ சூதாட்டக் கடை போட்டான்னா, நான் அது மூஞ்சில எப்டிம்மா முழிப்பேன்?"

ரத்தினபாய்க்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருடமாக அவரும் மீன்காரம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை ஜோதியிடம் சொல்லவில்லை. "எழுந்திரு. ஸ்கூட்டரை எடு" என்றார்.

தயாளனின் பழைய எண் உபயோகத்தில் இல்லை. கீழ்க்கட்டளையில் அவன் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது பிரியாணிக் கடை. கேட்டவர்களுக்கெல்லாம் தயாளன் யாரென்றே தெரியவில்லை. "அவ்ளோதாம்மா, பேஜாராப் பூட்ச்சு" என்று ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரத்தினபாய் மட்டும் பிரியாணிக் கடை வாசலில் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். "ஆள் போனாலும் அவனுக்கு வர்ற தபால் நிக்காது. தபால்காரர் வரட்டும்."

பதினொன்றரைக்குத் தபால்காரர் அப்பாதுரை வந்தார். "ஆர்.எம்.எஸ்., எழும்பூர், ரிட்டயர்டு" என்று ரத்தினபாய் எழுந்து நின்றார். அப்பாதுரைக்கு முகம் மலர்ந்தது. தயாளனைத் தெரியும், பொழிச்சலூருக்குப் போய்விட்டான், வரும் தபாலை அங்கே திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறான். "ஆனா விலாசத்தை வெளியாளுக்குச் சொல்லக் கூடாதும்மா."

"சொல்லவே கூடாது. சொன்னா நானே புகார் எழுதுவேன்" என்றார் ரத்தினபாய். "நீங்க அவருக்குப் போன் போடுங்க. அவரே சொல்லட்டும்."

அப்பாதுரை போன் போட்டார். தயாளனே வழி சொன்னான். மீன் வாசனையோடு ஸ்கூட்டர் பம்மலைத் தாண்டிப் பறந்தது. ஐஸ் பெட்டிக்கும் ஜோதிக்கும் நடுவில் ரத்தினபாய் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பொழிச்சலூரில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம் மொட்டை மாடியை உரசிக்கொண்டு இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் பேச்சை நிறுத்தி நிறுத்தித்தான் தொடர வேண்டியிருந்தது. தயாளன் நல்ல பையன்தான். மெயிலைத் திறந்து காட்டினான். டொமைன் முடிகிறது, முடிகிறது, முடிந்தது என்று ஏழு கடிதம், ஒன்றையும் பிரிக்கவில்லை. "அக்கா, நீங்கதானே தடை முடியற வரைக்கும் எதையும் தொடாதேன்னு சொன்னீங்க?"

"தொடாதேன்னேன்! உசுரோட கீதான்னு பாக்கவாணாம்னா சொன்னேன்?" ஜோதி போட்ட சத்தத்தில் அப்போது போன விமானம்கூடக் கேட்கவில்லை.

ரத்தினபாய் அதற்குள் ரிஜிஸ்ட்ராரிடம் அவன் வைத்திருந்த கணக்கைத் திறந்து பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ரிஜிஸ்ட்ரன்ட்னு இருக்கிற இடத்துல யார் பேரு இது?"

"என் பேருதான் மேடம். எல்லாக் கஸ்டமருக்கும் அப்படித்தான் போடுவேன். வேலை சுலபம்."

"வாடகைப் பெட்டி உங்க பேர்ல, வாடகை கட்டறது இந்தப் பொண்ணு. நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோனா பெட்டி யாருக்கு?" தயாளன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை நாள் தன் பெயரில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஜோதி, திரையருகே குனிந்து அந்தப் பெயரை உற்றுப் பார்த்தாள்.

"அதை அப்புறம் மாத்தலாம். செத்த பெட்டிக்குப் பேர் மாத்த முடியாது, முதல்ல உயிர் குடுப்போம்" என்று ரத்தினபாய் ரிஜிஸ்ட்ராருக்குப் போன் போட்டார். எடுத்த பெண், புதுப்பிக்கிற பட்டனை அழுத்துங்கள் என்றாள். "அந்தப் பட்டன் போன மாசமே போயிடுச்சும்மா. ரினியூ இல்ல, ரெஸ்டோர். மீட்புக் காலத்துல இருக்கு, கடைசி நாளுக்கு முந்தின நாள். இது தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க." குடுத்தாள். அவரும் அதையே சொன்னார். ரத்தினபாயும் அதையே சொன்னார். மூன்றாவதாக வந்தவருக்குத்தான் விஷயம் புரிந்தது. அபராதம் இவ்வளவு என்று அவர் சொன்னபோது ஜோதி இமைக்கவில்லை. "கட்டிடுங்கம்மா, எவ்ளோன்னாலும் கட்டிடுங்க." சாயங்காலம் நாலு இருபதுக்கு மீட்பு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. தலைமை ஆபீஸ் பேரேட்டில் ஏற இரண்டு நாள்வரை ஆகலாம் என்றார்கள்.

அந்த இரண்டு நாள் லாசரஸ் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஜெபம் பண்ணும்போதுகூட அம்மாவின் பெருவிரல் பதிவேட்டைத் திறந்து திறந்து பார்த்தது. பதின்மூன்றாம் தேதி கடந்தது. அதே நிலை. பதினாலாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு லாசரஸ் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் குறுக்கெழுத்தில் மூழ்கியிருந்த நேரம். 'மீட்புக் காலம்' என்ற சொல் இருந்த இடத்தில் அது இல்லை! பெயர் உயிரோடு இருந்தது!

இரண்டு முஷ்டியாலும் குத்தினார் ரத்தினபாய். டம்ளர் கவிழ்ந்து காப்பி குறுக்கெழுத்து முழுக்க ஓடியது. லாசரஸ் கோபிக்கவில்லை, "ஸ்தோத்திரம்!" என்று அவரும் ஒரு குத்து குத்தினார். போனில் ஜோதி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஜெயிச்சிட்டோம்மா! ஜெயிச்சிட்டோம்!" என்று கானத்தூர் கடற்கரையில் நின்று அவள் கத்தியது செம்பாக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்த படகுக்காரர்கள் என்ன என்று திரும்பிப் பார்த்தார்களாம்.

அன்று மாலையே தயாளன் தானாகப் போன் செய்து பெயர் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டான். ரிஜிஸ்ட்ரன்ட் இடத்தில் என்ன போடுவது என்று ரத்தினபாய் கேட்டார். "உன் பேர்தானே?"

"எங்கம்மா பேரு. மெயிலு, போனு மட்டும் என்னுது. பெட்டி அதோடதாவே இருக்கட்டும்" என்றாள் ஜோதி. கூடவே இன்னும் சில வருடத்துக்கும் சேர்த்துப் புதுப்பித்தாகிவிட்டது. தயாளனுடைய மற்ற கஸ்டமர்களின் பெயர்களையும் அவரவர் பெயருக்கே மாற்றும் வேலை இப்போது ஞாயிறுதோறும் நடக்கிறது. அவன் பட்டியல் சொல்ல, அம்மா கார்டு எழுதுகிறார். மர அலமாரியில் நூற்றுப் பதினெட்டாவது கார்டு மார்ச் மாத அறையில், எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது.

பெரிய படகுகள் கரை திரும்பிய அன்று கடை திறந்தது. உங்களுக்கு மீன் சும்மா தருவேன், ஆர்டர் போடக்கூடாது என்று ஜோதி சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தாள். ரத்தினபாய் கேட்பாரா? கடை திறந்த நிமிடமே போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஒரு கிலோ சங்கரா. விலாசம் கேட்கும் படிவம் வந்தது. எல்லாரும் மேலிருந்து நிரப்புவார்கள். அம்மா நேராகக் கீழே போய் ஆறு, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஏழு, மூன்று என்று பின்கோட்டை முதலில் போட்டார். அப்புறம் செம்பாக்கம், அப்புறம் தெரு, வீட்டு எண். கடைசியில் மேலே வந்து தன் பெயர். லாசரஸ் டம்ளரை எடுத்துக்கொண்டார். மேஜை அதிர்ந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டர் ஹார்ன் கேட்டது. ஜோதிக்குப் பின்னால், ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கன்னியம்மாவே உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூசிய முகம், புதுச் சேலை, கையில் சங்கரா பொட்டலம். "போஸ்டாபீசு அம்மா எங்கே? நான்தான் குடுப்பேன்னு வந்தேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்த லாசரஸ் வழக்கம்போல உள்ளே குரல் கொடுத்தார். "ரத்தினம், மீன்காரம்மா வந்தாச்சு!"

ரத்தினபாய் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். கேட்டைத் திறந்தார். திறந்த கேட்டின் இரும்பில் முஷ்டியால் ஒரே குத்து. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாங்க கன்னியம்மா!" என்று கூப்பிட்டார்.